ஏழு ஐவிரல் சங்குகள்

ஜனவரி 6, சனி

அப்பா இன்று மத்தியானமே கரைக்கு வந்துவிட்டார். கடல் கலங்கிக் கிடக்கிறதாம், முங்கினால் அடியில் கை வைத்த இடம்கூடத் தெரியவில்லையாம். சங்கு பதினொன்றுதான். கூடவே எடுத்த மற்றச் சிப்பிக் கூடுகள் அரை மூட்டை. சங்கு ஏலத்துக்குப் போகும். மற்றவை லூர்து அண்ணாச்சியின் கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, போகும். அவர் அவற்றை மெருகேற்றிக் கன்னியாகுமரிக் கடைகளுக்கு அனுப்புகிறார்.

மூட்டை வாயைத் தைப்பது என் வேலை. பழைய வலையிலிருந்து உருவிய பச்சை நைலான் நூலும் கோணி ஊசியும் வைத்திருக்கிறேன். மூன்று தையலுக்கு ஒரு முறை நூலைத் திருப்பி முடிச்சுப் போடுவேன். தெருவில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. "ஜெனோவா தைச்ச மூட்டைய அவுக்க முடியாது, அறுக்கத்தான் முடியும்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார்.

தைப்பதற்கு முன் எனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, வைத்துக்கொள்ளாதவற்றை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். இன்று ஆறு கூடுகள் எடுத்தேன். ஒன்றிலிருந்து நண்டு வெளியே வந்தது. அம்மா கத்தினாள்.

ஜனவரி 8, திங்கள்

அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யப்போகிறேன் என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு குடும்பம். அதைப் பேரினம் பேரினமாகப் பிரித்து ஒரு பெட்டியில் அடுக்கப்போகிறேன்.

உமையாள் டீச்சர்தான் சொன்னார். அவர் எங்களுக்கு விலங்கியல் எடுக்கிறார், காரைக்குடிக்காரர், கடலை எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்துதான் முதலில் பார்த்தாராம். நான் கொண்டுபோன ஆறையும் மேசையில் பரப்பி, "இதுல எந்த நாலுக்குச் சொந்தம் இருக்கு, கண்டுபிடி" என்றார். நிறத்தை வைத்துப் பிரித்தேன். தப்பு. பருமனை வைத்துப் பிரித்தேன். அதுவும் தப்பு. பிறகு அவர் என் விரலைப் பிடித்துக் கூட்டு வாயின் உதட்டு ஓரத்தைத் தடவ வைத்தார். கீழ்ப்பக்கம் ஒரு சின்ன வெட்டு தட்டுப்பட்டது. உள்ளேயிருக்கும் உயிர் அந்த வெட்டு வழியாக ஒரு கண்ணை நீட்டி வெளியே பார்க்குமாம். அந்த வெட்டு இருந்தால் எல்லாம் ஒரே குடும்பம், ஸ்ட்ராம்பிடே. வழவழப்போ முள்ளோ, சின்னதோ பெரியதோ, அது பிறகு.

பழைய புத்தகத்தில் இந்தக் குடும்பத்துக்கு முக்கியமாக இரண்டே பேரினங்கள். விரல் நீளாதவை ஸ்ட்ராம்பஸ். உதட்டில் விரல் விரலாக நீள்பவை லாம்பிஸ், அதாவது நம் ஐவிரல் சங்கு. இப்போது ஆய்வாளர்கள் கூட்டை மட்டும் பார்க்காமல் மரபணுவையும் பார்த்துப் பத்துக்கு மேல் பிரித்துவிட்டார்கள். ஐவிரலில்கூட ஒரு பிரிவைத் தனியே எடுத்து ஹார்ப்பாகோ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"பேரு மாறினா சங்கு மாறிருமா டீச்சர்?"

"சங்குக்கு ஒண்ணும் தெரியாது. நமக்குத்தான் அவஸ்தை. ஆனா ஒண்ணு, புதுப் பேர் எழுதினா பக்கத்துல பழைய பேரையும் எழுதணும். இல்லேன்னா பழைய புத்தகம் படிச்சவங்களுக்கு நீ எதைச் சொல்றேன்னே புரியாது."

இன்னொன்றும் சொன்னார். இடம், தேதி, ஆழம், எடுத்தவர் பேர் இந்த நான்கும் எழுதாத கூடு வெறும் அலங்காரச் சாமான். எழுதினால்தான் அது ஆய்வு மாதிரி. கடைசி வரியில் இனங்கண்டவர் பேர் வர வேண்டும். அது நான்.

ஜனவரி 10, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. வகுப்பில் பியூலா, கூடுகளுக்கு நான் எழுதிய சீட்டுகளைப் பார்த்து, "ஏட்டி, சிப்பிக்கெல்லாம் ரேஷன் கார்டு போட்டுட்டியா? மண்ணெண்ணெய் எப்பக் குடுப்பாவ?" என்று வகுப்பையே சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைப் பக்கம் போய் நின்றேன்.

ஜனவரி 13, சனி

அப்பாவிடம் இரண்டு படங்களைக் காட்டினேன்.

"இது என்னப்பா?"

"ஐவிரல்."

"இது?"

"அதுவும் ஐவிரல்தான்."

"ரெண்டும் வேறப்பா."

"அண்ணாச்சி ரெண்டுக்கும் ஒரே வெலதான் தாராரு மக்கா."

விளக்கினேன். விரலை எண்ணக் கூடாது, விரல் உடைந்திருக்கும். எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும். லாம்பிஸில் விரல்கள் எல்லாம் உதட்டுப் பக்கமே நீளும். ஹார்ப்பாகோவில் இரண்டு பக்கமும் விரியும், உச்சி விரல் கூம்பைத் தாண்டி மறுபக்கம் வளையும். அப்பா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தீவுக்குப் பின்னால பாறைப் பாரு பக்கம் கெடக்கும். அங்க இப்பம் போவக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காவ."

"சும்மாதான் கேட்டேன்."

பெட்டியில் எல்லாப் பேரினத்துக்கும் ஆள் இருக்கிறது. ஹார்ப்பாகோ அறை மட்டும் காலி.

பிறகு சீட்டுகளை வாசித்துக் காட்டினேன். எடுத்தவர்: கஸ்பார். இனங்கண்டவர்: ஜெனோவா. அப்பா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். "எம் பேரு எதுக்கு?" "நீங்கதான எடுத்தீய?" அப்பா வாசலில் போன சூசை மாமாவைக் கூப்பிட்டு, சீட்டைக் கையில் கொடுத்து, "இதுல என்ன எழுதிருக்கு பாரும்" என்றார்.

ஜனவரி 16, செவ்வாய்

அப்பாவிடம் காலி அறையைக் காட்டினேன். சும்மாதான்.

ஜனவரி 19, வெள்ளி

இன்றும் நினைவுபடுத்தினேன். "பாப்பம்" என்றார்.

ஜனவரி 24, புதன்

முதல் பரிசு! அகராதி ஒன்றும் சான்றிதழும். அகராதியில் ஹார்ப்பாகோ இல்லை.

சிறப்பு விருந்தினர் வனத்துறை ரேஞ்சர். தணிகாசலம் என்று பேர். மற்றவர்களின் எரிமலைக்கும் காற்றாலைக்கும் தலையாட்டிவிட்டுப் போனவர் என் மேசையில் இருபது நிமிடம் நின்றார். ஒவ்வொரு சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்தார்.

"கஸ்பார் யாரும்மா?"

"எங்க அப்பா சார். சங்குக்குப் போறாங்க."

"நாலு பாகம் ஆழம்னெல்லாம் எழுதியிருக்கே. எங்க ஆளுங்களுக்கு எதைக் காட்டினாலும் சிப்பின்னுதான் சொல்லத் தெரியும்." காலி அறையில் எழுதியிருந்த பழைய பேரைத் தட்டினார். "இது ஏன் சும்மா கெடக்கு?"

"இன்னும் கிடைக்கல சார்."

"கிடைக்காம இருக்கறதுதான் நல்லது" என்று சிரித்தார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று டீச்சரிடம் கேட்டேன். ஐவிரலில் சிலவற்றை எடுக்கவோ விற்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதாம், ஹார்ப்பாகோவும் அதில் ஒன்றாம். சாதாரண ஐவிரல், அதாவது லாம்பிஸ் லாம்பிஸ், அதில் இல்லையாம். அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ஜனவரி 25, வியாழன்

நான் எழுவதற்குள் அப்பா கடலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் சான்றிதழுக்குச் சட்டம் போட அவரே டவுனுக்குப் போனார். நாளை சொல்கிறேன்.

ஜனவரி 27, சனி

இயற்பியல் டெஸ்ட் இருக்கிறது. அப்பா கட்டி வைத்துவிட்டுப் போன இரண்டு மூட்டைகளையும் வாய் மட்டும் தைத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

லூர்து அண்ணாச்சி கிட்டங்கியில் ரெய்டு என்று தெருவெல்லாம் பேச்சு. ஐந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். அப்பா சோறு உண்ணும்போது, "அவருக்கு நாலு ஊர்லேருந்து சரக்கு வருது, யாரு என்னத்தப் போட்டாங்களோ" என்றார். அம்மா, "நம்ம மூட்டையும் உண்டா?" என்று கேட்டாள். அப்பா ரசம் கேட்டார்.

பிப்ரவரி 3, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ரேஞ்சர் டீச்சருக்கு போன் செய்து, பிடித்த கூடுகளைப் பிரித்துப் பட்டியல் போட உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். சென்னைக்கு நிபுணரிடம் அனுப்பும் முன் கையில் ஒரு கணக்கு வேண்டுமாம். டீச்சரும் நானும் பத்து மணிக்கு ஆபீஸ் போனோம். பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மூட்டைகள் ஏற்கனவே பிரித்துத்தான் இருந்தன.

காவலர் ஒருவர் எண்ணி எழுதிய தாளில் 'ஐவிரல் சங்கு, லாம்பிஸ் லாம்பிஸ், 48' என்று இருந்தது. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலில் உதட்டு வெட்டைத் தடவிக் குடும்பம். அப்புறம் விரல் இருக்கிறதா இல்லையா. டீச்சர் உதவ வந்தார், அவரைவிட என் கை வேகமாகப் போயிற்று. கொட்டகையில் நான்கு பேர் நின்று பார்த்தார்கள்.

மூன்றாவது மூட்டையில் அது இருந்தது. படத்தில் மட்டுமே பார்த்தது. கையில் எடுத்ததும் எடை தெரிந்தது. உச்சி விரல் கூம்பைத் தாண்டி வளைந்து கொக்கி போல நின்றது. வாய்க்குள் ரோஜா நிறம். ஒன்றல்ல, ஏழு.

"சார், இந்த ஏழும் அது இல்ல."

"எது இல்ல?"

"லாம்பிஸ் லாம்பிஸ் இல்ல. பேரினமே வேற சார். ஹார்ப்பாகோ."

ரேஞ்சர் சட்டப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். விரலால் மேலிருந்து கீழே வந்தார். மறுபடியும் வந்தார். "அப்படி ஒரு பேரே இதுல இல்லையேம்மா. சரி விடு, எல்லாம் சாதா சங்குதான். அண்ணாச்சியைக் கூப்பிட்டு எச்சரிச்சு அனுப்பிட வேண்டியதுதான்" என்று தாளை மூடினார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பழைய பேர் நினைவு வரவில்லை என்று நினைக்கிறேன். அல்லது வந்திருக்கலாம்.

"சார், அது புதுப் பேர். உங்க பட்டியல்ல பழைய பேர்ல இருக்கும். லாம்பிஸ் சிராக்ரா."

அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "அடேயப்பா" என்றார்.

எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்கள். பட்டியலை என் கையெழுத்திலேயே எழுதச் சொன்னார்கள், புதுப் பேரும் அடைப்புக்குள் பழைய பேரும். கீழே இனங்கண்டவர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "உங்க அப்பா எந்தப் பக்கம் போவாங்க ஜெனோவா?" என்று மட்டும் கேட்டார்.

லூர்து அண்ணாச்சிக்கு நாலு ஊரிலிருந்து மூட்டை வருகிறது.

பிப்ரவரி 5, திங்கள்

காலை ஆறரைக்கு வந்தார்கள். அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். லூர்து அண்ணாச்சி நான்கு பேர் பெயரைச் சொன்னாராம், மூன்றாவது மூட்டை கஸ்பாருடையது என்றாராம். ரேஞ்சர் கைப்பேசியில் என் சீட்டின் படத்தைக் காட்டினார். அதில் தீவின் பேரும், நாலு பாகம் ஆழமும், அப்பா பேரும் இருந்தன. "நீங்க அந்தப் பக்கம் போறவர்தானே?" அப்பா, "எம் மவ எழுதினது சார், அது பள்ளிக்கூடத்துக்கு" என்றார். வாயில் நுரை இருந்தது. கொப்பளித்துவிட்டு வர விட்டார்கள்.

ரேஞ்சர் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

அப்பாவுக்குப் பதினைந்து நாள் ரிமாண்டு. பள்ளிக்கூடம் போகவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

அம்மாவோடு வக்கீலைப் பார்க்கப் போனேன். சாதாச் சங்கு என்றால் கேஸ் நிற்காது, பட்டியலில் உள்ளது என்றால் நிற்கும், எல்லாம் சென்னையிலிருந்து நிபுணர் எழுதி அனுப்புவதில்தான் இருக்கிறது என்றார். "யாரோ பிரிச்சுக் குடுத்த பட்டியல் ஒண்ணு ஃபைல்ல இருக்காம். அது யாருன்னு தெரியல. நிபுணர் வேற மாதிரி எழுதிட்டா அது குப்பை."

வரும் வழியில் அம்மா புனித அந்தோணியார் கெபியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினாள். மெழுகுதிரி ஏற்றி, முழந்தாளிட்டு, சத்தமாகவே சொன்னாள். "சாதாச் சங்குன்னு எழுதி வரணும் அந்தோணியாரே. படிச்ச மனுசன் கையில இருக்கு. அந்தக் கைய நீரு பிடிச்சுக்கிடும்." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கேளுட்டி, உனக்குத்தான் அந்தப் பேரெல்லாம் தெரியும்லா, பேரைச் சொல்லிக் கேளு" என்றாள்.

முழந்தாளிட்டேன். நிபுணர் வெட்டைத் தடவிப் பார்ப்பார், விரல் வளைவைப் பார்ப்பார். பார்க்கத் தெரிந்தவர் வேறு எதையும் எழுத முடியாது. என்ன கேட்பது என்று தெரியாமல் மெழுகு வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

பியூலா தன் இட்லியில் பாதியைக் கொடுத்தாள். கேலி எதுவும் செய்யவில்லை. கேலி செய்திருக்கலாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அப்பா ஜாமீனில் வந்துவிட்டார். முடி வெட்டியிருந்தார். அம்மா வாசலில் வைத்தே குளிக்க வைத்தாள். சோறு போடும்போது லூர்து அண்ணாச்சியையும் அவர் பரம்பரையையும் ஏசினாள். "பட்டியல் போட்டுக் குடுத்தவன் கை அழுகிப் போவும்" என்றாள். அப்பா தலை நிமிராமல், "சாப்பிடும்போது ஏசாதளா" என்றார்.

பட்டியல் போட்டது யார் என்று அவருக்குத் தெரியும். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பெட்டி வழக்கமாக இருக்கும் இடத்தில் இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தார், வந்த அரை மணி நேரத்துக்குள். சட்டம் போட்ட சான்றிதழ் மட்டும் சுவரிலேயே இருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா வலைக் குவியலில் உட்கார்ந்தபடி பேச்சை எடுத்தார்.

"ரேஞ்சர் எங்கிட்ட சொன்னாரு. உம்ம மவதான்யா பிரிச்சுக் குடுத்தது, கெட்டிக்காரப் புள்ளன்னாரு."

நான் வாசல் கதவைச் சாத்தினேன்.

"அம்மைக்குத் தெரிய வேண்டாம்." வலையைத் தள்ளி வைத்துவிட்டு, "மூட்டைய அறுக்கும்போது நீ அங்க இருந்தியா மக்கா?"

"இல்லப்பா. போகும்போதே பிரிச்சுத்தான் கெடந்துச்சு."

"அப்பம் சரி" என்றார். பெரிய மூச்சு ஒன்று விட்டார். "அப்பம் உனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுல்லா."

பிப்ரவரி 28, புதன்

நிபுணரின் கடிதம் வந்துவிட்டது. வக்கீல் வாசித்துக் காட்டினார். நாற்பத்தொன்று இது, ஏழு அது. புதுப் பேர், அடைப்புக்குள் பழைய பேர். அம்மா ஒரு வரியும் புரியாமல், "சாதாதான?" என்று நடுவில் இரண்டு முறை கேட்டாள்.

டீச்சர் பள்ளியில் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ எழுதினது ஒரு எழுத்து மாறல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த வருஷம் காரைக்குடிக்கே மாற்றல் கேட்டிருக்கிறாராம்.

மார்ச் 2, வெள்ளி

சங்கு குளிக்கும் அனுமதியை வழக்கு முடியும் வரை நிறுத்திவிட்டார்கள். அப்பா ஐஸ் பாக்டரியில் பாளம் தள்ளப் போகிறார். சாயங்காலம் கை இரண்டும் வெளிறி, தோல் சுருங்கி இருந்தது. கடலுக்குள் மணிக்கணக்கில் இருந்தபோதுகூட இப்படி ஆனதில்லை.

மார்ச் 4, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அம்மா அடுப்படிப் பரணில் ஏறினாள், மழைக்கு முன் ஓலை பார்க்க. இறங்கும்போது கையில் அப்பாவின் பழைய கைலியில் சுற்றிய ஒன்று இருந்தது.

"இதையும் வச்சிருக்காவ பாரு, ஏழு பத்தாதுன்னு. அன்னைக்கு அந்தப் பாரு பக்கம் போயிட்டு வந்து, 'இது ஜெனோவா பெட்டிக்கு, ஒரு அறை காலியாக் கெடக்கு, பரீட்சை பாஸ் பண்ணின அன்னைக்குக் குடுக்கணும்'னு சொன்னாவ. நான் மறந்தே போனேன். மத்தத அண்ணாச்சிக்குப் போட்டுட்டு நல்லதா ஒண்ண உனக்கு ஒதுக்கியிருக்காவ." கைலியோடு என் மடியில் போட்டாள். "வீட்டுல இருந்தா இதுக்கும் ஒரு கேஸு. கொண்டுபோய்த் தண்ணியில போட்டுரு. யாரும் பாக்காம போடு."

பிரித்தேன். ஒரு விரலும் உடையாத ஹார்ப்பாகோ.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் கரைக்கு எடுத்துப்போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று உதட்டை ஒரு முறை தடவினேன். வெட்டு இருந்தது. கையை விட்டேன். ரோஜா நிறம் கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டின் பிப்ரவரி மூன்றாம் தேதியை எடுத்துப் படித்தேன். அதில் ஒரு வரி தப்பு. அடித்துத் திருத்தவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மூட்டைகள் ஏற்கனவே பிரித்திருக்கவில்லை. இரண்டுதான் பிரித்திருந்தன. மூன்றாவதை அவிழ்க்க முடியாமல் காவலர் கத்தி கேட்டார். "எவன் தைச்சான் இதை, மூணு தையலுக்கு ஒரு முடிச்சு" என்று சொல்லிக்கொண்டே அறுத்தார். பச்சை நூல் என் கால் மேல் விழுந்தது. நான் குனிந்து எடுத்துச் சுருட்டிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து இனம் பிரிக்க ஆரம்பித்தேன்.